கட்டியில் ஒளிந்திருக்கும் புழு

மார்பிலோ கழுத்திலோ ஒரு கட்டி தட்டுப்பட்டதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கேன்ஸரா டாக்டர்?" அடுத்தது, "ஊசி குத்தினால் பரவிவிடுமாமே?" அப்படிப் பரவுவது மிக மிக அரிது. இந்தப் பயத்தில் மாதக்கணக்காகக் கட்டியை மறைத்து வைப்பதுதான் ஆபத்து.

பீகாரில் பேத்தாலஜி மருத்துவராக நான் அன்றாடம் செய்யும் சோதனை இது. இரத்தம் எடுப்பது போன்ற மெல்லிய ஊசிதான். கட்டிக்குள் செலுத்தி உறிஞ்சி, வரும் துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம்.

புற்றணுக்களைத் தேடும்போது சில சமயம் புழு அகப்படும்! இந்தப் பக்கம் யானைக்கால் நோய் அதிகம். கால் வீங்கினால்தான் அந்நோய் என்றில்லை. தாய்ப்புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் வாழ்பவை. அக்குழாய்கள் மார்பகத்திலும் அக்குளிலும் உண்டே. அங்கே கட்டியானால், கால் மில்லிமீட்டர் நீளக் குஞ்சுப்புழுக்கள் மெல்லிய உறையோடு ஊதா நிறத்தில் தெரியும். இவற்றுக்காக இரத்தம் எடுப்பதென்றால் பொதுவாக இரவு 10 மணிக்கு மேல் எடுக்க வேண்டும். ஊசிக்கு இரவு பகல் கிடையாது. மருந்தும் மாத்திரைதான். ஆனால் புழு கிடைத்ததென்று தகட்டை மூடிவிட மாட்டோம். புற்றுக்கட்டிக்குள்ளும் அது தற்செயலாக இருப்பதுண்டு.

இன்னொன்று, பன்றி நாடாப்புழுவின் இளநிலை. தோலுக்கடியிலும் தசையிலும், ஏன், நாக்கிலும்கூட, சிறு கட்டியாகத் தங்கும். ஊசியில் தெளிந்த நீரும் புழுவின் துணுக்குகளும் வரும். "நாங்கள் சுத்த சைவம், எங்களுக்கு எப்படி?" என்று கோபிப்பார்கள். நியாயமான கேள்வி. சரியாக வேகாத பன்றி இறைச்சி தின்றவர் குடலில் நாடாப்புழு வளரும். அவர் மலத்தில் வெளியேறும் முட்டைகள், கழுவாத கை, பச்சைக் காய்கறி, குடிநீர் வழியாக யார் வாயிலும் போகலாம். முட்டையை விழுங்கியவருக்கே இந்தக் கட்டி. அது மூளையில் தங்கினால் வலிப்பு. ஆகவே வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்திருந்தால் மறைக்காதீர்கள். மூளை ஸ்கேன் பார்க்காமல் கடையில் பூச்சி மாத்திரை வாங்கி விழுங்கவும் கூடாது.

கல்லீரல் நீர்க்கட்டி என்றால் மட்டும் எனக்கே ஊசியெடுக்கத் தயக்கம். நாயிடமிருந்து தொற்றும் ஹைடாடிட் புழுவாக இருந்தால், நீர் வயிற்றுக்குள் கசிந்து உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். அல்ட்ராசவுண்டும் இரத்தச் சோதனையும் பார்த்த பிறகுதான் முடிவெடுப்போம்.

விடுமுறையில் ஊருக்குப் போய்க் கட்டியைக் காட்டுபவர்கள், இங்கே எத்தனை வருடமாக வசிக்கிறீர்கள் என்பதை அந்த டாக்டரிடம் சொல்லுங்கள். பழைய ஸ்கேன் படங்களையும் கையோடு கொண்டுபோங்கள்.