கால்பந்து வீரரின் முழங்காலுக்கு யார் பொறுப்பு?

கால்பந்து என்றதும் நமக்கு நினைவுக்கு வருவோர் கோடிகளில் விலை பேசப்படும் ஐரோப்பிய நட்சத்திரங்கள். அந்த உச்சியில் இருப்பவர்கள் சில நூறு பேர் மட்டுமே. அவர்களுக்குக் கீழே இரண்டாம், மூன்றாம் தட்டு லீக்குகளில் ஆடி, அந்த வருவாயில் குடும்பம் நடத்துவோர் உலகெங்கும் பல்லாயிரம் பேர். இருபது வயதையொட்டித் தொடங்கி, முப்பதைத் தாண்டிச் சில ஆண்டுகளிலேயே முடிந்துவிடும் தொழில் அது. முப்பது, நாற்பது ஆண்டுப் பணிக்காலத்தை அடிப்படையாகக் கொண்டு ஊதியம், சேமிப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றைக் கணக்கிடும் பொருளியல் பாடநூல்களில் இத்தகைய தொழிலாளருக்கு இடமே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பாடநூல்களை நடத்தியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

தமிழகத்திலேயே இதற்குப் பொருத்தமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என வென்று, சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. இரண்டாமிடம் பெற்ற கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியைவிட அது பெற்றிருந்தது ஒரே ஒரு புள்ளி அதிகம். தமிழகக் கழகம் ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. ஆனால், பணமும் தொலைக்காட்சி வெளிச்சமும் அதற்குள் இந்தியன் சூப்பர் லீக் பக்கம் சென்றுவிட்டன. ஐ-லீக்கில் முதலிடம் பிடித்தாலும் அங்கே ஏறிச் செல்ல அன்று வழியில்லை. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் சென்னை சிட்டியின் 26 விழுக்காடு பங்குகளை வாங்கியபோது பெரும் நம்பிக்கை பிறந்தது. 2021-22 பருவத்தின் ஐ-லீக் பட்டியலிலோ சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. பட்டம் வென்று மூன்று ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை.

ஒரு கழகம் மறையும்போது அதன் வீரர்கள் என்ன ஆகிறார்கள்? திறமையும் நற்பேறும் வாய்த்தவர்கள் மேலே செல்கிறார்கள். சென்னை சிட்டியில் ஆடிய நந்தகுமார் சேகர் டெல்லி, ஒடிசா வழியாக ஈஸ்ட் பெங்கால் சேர்ந்தார். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பைப் போட்டியில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோல், ஆண்டுக்கணக்கில் அந்த மோதலில் தோற்றுவந்த ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றி தேடித் தந்தது. எட்வின் சிட்னி சென்னையின் எப்.சி. அணிக்குச் சென்றார். இத்தகைய பெயர்களை நாம் எளிதில் அடுக்கிவிட முடியும். எஞ்சியவர்களின் பெயர்களை அப்படி அடுக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

மேலே சென்றவர்களின் நிலையும் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு மைக்கேல் சூசைராஜின் கதை சான்று. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரக் கடற்கரை ஊர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்புக்கும் கால்பந்துக்கும் ஒருசேரப் பெயர் பெற்றவை. அங்கே மணற்பரப்பில் பந்து உதைத்து வளர்ந்த சூசைராஜ், சென்னை சிட்டியில் ஆடிக் கவனம் பெற்று, ஜாம்ஷெட்பூருக்கும் பின்னர் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்கும் சென்று, 2019-20 பருவத்தின் சூப்பர் லீக் பட்டம் வென்ற அணியில் இடம்பெற்றார். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம் 2020 நவம்பர் 20 அன்று கோவாவில் நடந்தது. பெருந்தொற்றுக் காலமாதலால் அரங்கில் பார்வையாளர்கள் இல்லை. ஆட்டம் தொடங்கிச் சுமார் கால் மணி நேரத்துக்குள் முழங்காலில் அடிபட்டு அவர் வெளியேறினார். அந்தப் பருவம் முழுவதும் அவரால் ஆட இயலவில்லை. பின்னர் மீண்டு வந்து ஒடிசா அணிக்காக ஆடினார் என்பது மகிழ்ச்சிக்குரியது. பெரிய கழகத்தின் மருத்துவக் குழு அவருக்குப் பின்னால் இருந்தது. மாவட்ட லீக்கில் ஆடும் ஓர் இளைஞனுக்கு அதே தசைநார் அறுந்தால், அறுவைச் சிகிச்சைக்கான பணத்தை அவன் தந்தை கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும்.

இந்த இடர்ப்பாட்டுக்கு நம் முன்னோர் ஒரு தீர்வு வைத்திருந்தார்கள். அதுதான் அலுவலக அணி. இரயில் பெட்டித் தொழிற்சாலை, தெற்கு இரயில்வே, இந்தியன் வங்கி, வருமான வரித் துறை, சுங்கத் துறை, காவல் துறை எனச் சென்னை லீக்கின் அணிப் பட்டியலைப் படித்தால் அரசிதழைப் படிப்பதுபோல் இருக்கும். இந்தியன் வங்கி அணி தேசிய லீக்கிலேயே ஆடியிருக்கிறது. வீரருக்குக் கிடைத்தது பெரும் ஊதியமன்று, எழுத்தர் வேலை. ஆனால், முப்பத்திரண்டு வயதில் கால் ஓய்ந்தாலும் அறுபது வயது வரை சம்பளம், அதன் பிறகு ஓய்வூதியம். பொருளியல் மொழியில் சொன்னால், பன்னிரண்டு ஆண்டுத் தொழிலின் இடரை முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பரப்பிவிடும் ஒரு காப்பீடு அது. அதற்கான சந்தாவை நிறுவனமே செலுத்தியது.

இந்த ஏற்பாட்டை நான் புகழ்ந்துரைக்க விரும்பவில்லை. வேலை உறுதியானதும் பலரது ஆட்டம் மங்கியது. மேலதிகாரி விடுப்பு தராததால் பயிற்சி முகாமைத் தவறவிட்டோரும் உண்டு. இருப்பினும் என் வகுப்புகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவர்கள், பெரும்பாலும் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், படிப்பையும் பந்தையும் விடாமல் பிடித்திருந்தது இந்த எழுத்தர் வேலையை எண்ணித்தான். 1991-க்குப் பிந்தைய ஆண்டுகளில் பொதுத்துறை ஆள்சேர்ப்பு சுருங்கச் சுருங்க அந்தக் கதவும் மெல்லச் சாத்தப்பட்டது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால், அது பெரும்பாலும் தேசிய, சர்வதேசப் பதக்கங்களை அளவுகோலாகக் கொண்டது. ஒரு லீக்கில் பத்து ஆண்டுகள் தடுப்பாட்டக்காரராக உழைத்தவரிடம் காட்டுவதற்குப் பதக்கம் ஏது?

பழைய காப்பீடு போன இடத்தில் ஜெர்மனியில் இருப்பது போன்ற ஒன்று வந்திருந்தால் குறையில்லை. அங்கே முதல் இரண்டு தட்டுகளுக்குக் கீழே, 2008-ல் தொடங்கப்பட்ட 20 கழகங்கள் கொண்ட மூன்றாம் லீக் உள்ளது. அதற்கும் கீழே ஐந்து வட்டார லீக்குகள். அங்கு ஆடுவோரில் பலர் பாதி நேரம் வேறு வேலை பார்ப்பவர்கள். எங்கள் ரமணாசிரமம் பகுதியில் மார்கழி, தை மாதங்களில் ஜெர்மானியர்களின் நடமாட்டம் மிகுதி. அவர்களுள் ஐம்பதைக் கடந்த ஒருவர், இளமையில் அத்தகைய கீழ்த்தட்டு லீக்கில் ஆடியவர் என்பது செங்கம் சாலைத் தேநீர்க் கடையில் பேச்சுவாக்கில் தெரியவந்தது. காலையில் அலுவலகம், மாலையில் பயிற்சி. முழங்கால் அறுவைச் சிகிச்சையின் செலவையும், ஆடாத மாதங்களுக்கான ஈட்டுத்தொகையையும் விபத்துக் காப்பீடு தந்ததாம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பதைப் போல அதைச் சொன்னார். (எங்கள் தெருவில் அதுவே ஒரு செய்தி என்பது வேறு.)

அந்தக் காப்பீட்டின் வேர் பிஸ்மார்க் காலத்தில், 1884-ல் இயற்றப்பட்ட தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுச் சட்டத்தில் இருக்கிறது. சுரங்கத்திலும் ஆலையிலும் கை, கால் இழந்தவர்களுக்காக வந்த ஏற்பாடு அது. ஊதியம் பெற்று ஆடுபவரும் தொழிலாளியே என்று ஏற்றுக்கொண்டதால், அதே ஏற்பாடு கால்பந்து வீரரையும் தழுவிக்கொண்டது. சந்தா முழுவதையும் கழகமே செலுத்துகிறது; வீரரின் ஊதியத்தில் பிடித்தம் இல்லை. சிகிச்சை, மறுவாழ்வுப் பயிற்சி, நிலையான ஊனம் ஏற்பட்டால் மாதாந்திரத் தொகை, தேவையானால் மாற்றுத் தொழிற்பயிற்சி ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். 1987-ல் தொடங்கிய வீரர் சங்கமும் அங்கே வலுவானது. ஒப்பந்தம் இல்லாமல் நிற்கும் வீரர்களுக்கென்றே டூயிஸ்பர்க் நகரில் அது பயிற்சி முகாம் நடத்துகிறது.

இங்கும் 2006 முதல் வீரர் சங்கம் உண்டு. அதன் பேரம் பேசும் வலிமை எவ்வளவு என்பதை 2025 காட்டியது. கூட்டமைப்புக்கும் அதன் வணிகப் பங்குதாரருக்கும் இடையே 2010-ல் ஏற்பட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் முடிவை நெருங்கிய நிலையில், ஜூலையில் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு கழகம் முதன்மை அணியின் ஊதியத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது, சென்னையின் எப்.சி. கழகமும் தன் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. முதல் தட்டிலேயே இந்தக் கதி என்றால், கீழ்த்தட்டுக் கழகங்களில் என்ன நடந்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் குறித்த கால ஒப்பந்தப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை தருகின்றன. கால்பந்து வீரரின் பணியைவிடத் தெளிவான குறித்த காலப் பணி வேறெது? அவரும் இதில் அடங்குவார் என்று விதிகளில் வெளிப்படையாக எழுதினால், நீதிமன்றப் படியேறும் வேலை மிஞ்சும். மற்றொன்றையும் கூட்டமைப்பு செய்யலாம். ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னர் கழகங்கள் உரிமத்துக்கு விண்ணப்பிக்கின்றன. ஒரு பருவத்தின் ஊதியத்துக்கான வங்கி உத்தரவாதத்தையும், வீரர் ஒவ்வொருவரின் பெயரிலும் எடுக்கப்பட்ட காயக் காப்பீட்டுப் பத்திரத்தையும் அந்த விண்ணப்பத்துடன் இணைக்கச் சொல்லலாம். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. கூட்டமைப்பின் செயற்குழு ஒரு பிற்பகலில் முடித்துவிடக்கூடிய வேலை.