முதலில் யாரிடம் ஓடுவது?

நான்கு நோயாளிகள். ஒருவருக்குக் காலையில் குடலிறக்க ஆபரேஷன் முடிந்திருக்கிறது. தையல் வலிக்கிறது என்கிறார். இன்னொருவருக்கு ரத்தத்தில் சர்க்கரை 210. மூன்றாமவர் நாளை வீடு திரும்புகிறார். மாத்திரை பற்றிச் சந்தேகம். நேற்று தைராய்டு சுரப்பி அகற்றப்பட்ட நான்காமவர், உதட்டைச் சுற்றி மரத்த மாதிரி இருக்கிறது என்று சாதாரணமாகச் சொல்கிறார். இருப்பது ஒரே நர்ஸ்.

அவர் ஓட வேண்டியது நான்காமவரிடம். ஆபரேஷனில் பக்கத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் அடிபட்டால் கால்சியம் சரியும். உதட்டு மரப்பு அதன் முதல் எச்சரிக்கை. காதுக்கு முன்னால் விரலால் தட்டினால் முகத்தசை துடிக்கும். தாமதித்தால் குரல்வளை இறுகி மூச்சு அடைபடலாம்.

அமெரிக்காவில் நர்ஸாகப் பதிவு செய்ய எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வின் கேள்விகள் இந்த ரகம்தான். மெடிக்கல்-சர்ஜிக்கல் நர்சிங்தான் அதன் முதுகெலும்பு. சென்னை, டெல்லி, மும்பை உள்படச் சில இந்திய நகரங்களிலேயே எழுதலாம்.

நம் நர்ஸ்கள் தடுமாறுவது பாட அறிவில் அல்ல. இங்கே கல்லூரித் தேர்வுகள் நோயின் காரணங்களை எழுதச் சொல்லும், அறிகுறிகளை விவரிக்கச் சொல்லும். வார்டிலோ டாக்டரின் உத்தரவுக்குக் காத்திருப்பதே பழக்கம். ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது நோயாளிக்கு நடுக்கமும் இடுப்பு வலியும் வந்தால் டாக்டருக்கு போன் செய்யத்தான் கை போகும். தேர்வு அதை ஏற்காது. முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும், புதிய குழாய் மாட்டி சலைன் ஓடவிட வேண்டும், பிறகுதான் டாக்டர். போனில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பொருந்தாத ரத்தம் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

அதற்காக டாக்டரைக் கூப்பிடுவது எப்போதுமே தப்பான விடை என்று சூத்திரம் போட்டுக்கொள்பவர்களும் மாட்டுவார்கள். காலில் மாவுக்கட்டு போட்டவருக்கு ஊசிக்கும் வலி அடங்கவில்லை, விரலை அசைத்தாலே துடிக்கிறார் என்றால், உள்ளே வீக்கம் ரத்த ஓட்டத்தை நெரிக்கிறது. சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். காலைத் தலையணை மேல் தூக்கி வைப்பது நிலைமையைக் கெடுக்கும். அங்கே டாக்டரை உடனே அழைப்பதுதான் சரி. எது எப்போது என்பதை எந்தக் கோச்சிங் நோட்ஸும் மனப்பாடமாக ஊட்ட முடியாது.

இத்தனை சிரமம் எதற்கு? சம்பளம்தான். உச்ச நீதிமன்றத்தின் 2016 தீர்ப்பை அடுத்து அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரிகளில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. அமல்படுத்துவது மாநிலங்களின் கையில். தேர்வுக் கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுத மேலும் 150. இரண்டும் சேர்ந்தால் அந்த ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடும்.

பணம் கட்டி உட்கார்ந்தாலும் நிம்மதி கிடையாது. 1994 முதல் இது கம்ப்யூட்டர் தேர்வு. சரியாக எழுதினால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். அதனால் நன்றாக எழுதுபவருக்கும் பாதிக் கேள்விகள் கைவிட்டுப் போகும். நூற்றுக்கு நூறு வாங்கிப் பழகியவர்கள் கலங்கிவிடுகிறார்கள். 2023 ஏப்ரலில் வந்த புதிய முறைப்படி 85 முதல் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். 85ஆவது கேள்வியோடு திரை நின்றுவிட்டால், தேறிவிட்டதாகவும் இருக்கலாம், தோற்றுவிட்டதாகவும் இருக்கலாம். எழுதியவருக்கு அப்போது தெரியாது.