ரயில் நிற்கும் இடமே ஒரு காலத்தில் பூங்கா! வடசென்னை இழந்த 116 ஏக்கர்

காட்டுப்பள்ளி,

ஞாயிற்றுக்கிழமை வந்தாலே காட்டுப்பள்ளி வீடுகளில் பிள்ளைகள் நச்சரிப்பு ஆரம்பித்துவிடும். ''அப்பா, இன்னிக்காவது பார்க்குக்கு கூட்டிட்டுப் போறியா?''

ஒரு பக்கம் கடல். மறு பக்கம் பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு. நடுவில் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், அனல் மின் நிலையம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே குழந்தையை எங்கே ஓடியாட விடுவது?

பட்டணத்துக்குத்தான் வண்டி ஏற வேண்டும். மீஞ்சூர் அல்லது அத்திப்பட்டு புதுநகர் வந்து மின்சார ரயிலைப் பிடித்தால், சென்ட்ரல் பக்கத்தில் மூர்மார்க்கெட் வளாகத்தில் இறங்கலாம். சில ரயில்கள் ராயபுரம் வழியாக கடற்கரைக்குப் போய்விடும். பார்த்து ஏற வேண்டும்.

இறங்குகிற அந்த இடமே முன்பு பெரிய பூங்காவாக இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

கவர்னர் போட்ட தோட்டம்

1859-ல் மெட்ராஸ் கவர்னராக வந்தவர் சார்லஸ் டிரெவெல்யன். நெரிசலான ஜார்ஜ் டவுன் பக்கத்து ஜனங்கள் காற்று வாங்க அவர் அமைத்ததுதான் 'பீப்பிள்ஸ் பார்க்'. பரப்பு 116 ஏக்கர். குளங்கள், பாதைகள், பேண்டு வாத்திய மேடை எல்லாம் இருந்தன. மிருகக்காட்சி சாலையும் அங்கேதான். 'உயிர் காலேஜ்' என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான்.

கரைந்தது எப்படி?

யாரும் ஒரே நாளில் பூங்காவை மூடவில்லை. கட்டிடம் கட்டிடமாகத்தான் கரைந்தது. 1888-ல் விக்டோரியா ஹால், 1900-ல் மூர் மார்க்கெட், 1913-ல் ரிப்பன் மாளிகை, பிறகு ஸ்டேடியம் என்று வரிசையாக வந்தன.

1985-ல் மூர் மார்க்கெட் தீயில் எரிந்தது. அந்த இடத்தில்தான் இன்றைய புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. அதே ஆண்டு மிருகங்களும் வண்டலூர் போய்விட்டன. மிச்சம் இருப்பது ரிப்பன் மாளிகைக்குப் பின்னால், நேரு ஸ்டேடியம் பக்கம் உள்ள மைலேடி பூங்கா மட்டுமே.

இப்போது எங்கே போகலாம்?

வண்டலூர்: எதிரில் உள்ள பூங்கா (பார்க்) ஸ்டேஷனில் செங்கல்பட்டு மார்க்க ரயில் ஏற வேண்டும். 602 ஹெக்டேர் பரப்பு என்பதால் முழு நாள் ஆகும். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

செம்மொழிப் பூங்கா: கதீட்ரல் ரோட்டில் பழைய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த 20 ஏக்கரில் 2010-ல் திறக்கப்பட்டது. எதிரே 2024-ல் கலைஞர் நூற்றாண்டு பூங்கா வந்தது. ஜிப்லைன் உண்டு. ஆனால் திறந்தபோதே பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50 ரூபாய் டிக்கெட். புருஷன், பெண்டாட்டி, ரெண்டு பிள்ளை போனால் வாசலிலேயே 300 ரூபாய் காலி. விளையாட்டுகளுக்குத் தனிக் காசு.

ராபின்சன் பூங்கா: தப்பித் தவறி கடற்கரை ரயிலில் ஏறிவிட்டால் கவலை வேண்டாம். ராயபுரத்தில் இறங்கலாம். 1949-ல் தி.மு.க. தொடக்கக் கூட்டம் கொட்டும் மழையில் நடந்த இடம் இது. சின்னதுதான், ஆனால் வடசென்னைக்குள்ளேயே இருக்கிறது.

எங்கே போனாலும் சோற்று மூட்டையைத் துணிப்பையில் கொண்டு போவது நல்லது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் தமிழகத்தில் தடை உள்ளது.

160 ஆண்டுக்கு முன் ஏழை ஜனங்களுக்கென்றே 116 ஏக்கர் ஒதுக்க முடிந்தது. இன்று நகரத்துக்கே கரண்டும் குடிதண்ணீரும் தரும் காட்டுப்பள்ளிப் பிள்ளைகள், ஊஞ்சல் ஆட ரயில் ஏற வேண்டியிருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.