அடுப்பில் உருகாத மிட்டாய்

கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா, நியூஃபவுண்ட்லாந்து பக்கம், கிறிஸ்துமஸ் நெருங்கினால் கம்டிராப் கேக் போடுவார்கள். கம்டிராப் வேறொன்றுமில்லை, சர்க்கரை தூவிய ஜெல்லி மிட்டாய்தான். மொட்டைக் கூம்பு மாதிரி இருக்கும். 1969 மார்ச்சில் பறந்த அப்போலோ 9 விண்கலத்தின் கூம்பு வடிவக் கலத்துக்குக்கூட வீரர்கள் ‘கம்டிராப்’ என்றுதான் பெயர் வைத்தார்கள்.

செய்முறை வேடிக்கையானது. அகலத் தட்டு நிறைய கார்ன்ஃப்ளார் மாவைக் கொட்டிச் சமப்படுத்தி, மேலே அச்சை அழுத்தி எடுத்தால் வரிசையாகக் குழி விழும். கொதிக்கும் பாகை அந்தக் குழிகளில் ஊற்றுவார்கள். சுற்றியுள்ள மாவு ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். வெதுவெதுப்பான அறையில் கிடந்து இறுகியதும், மாவைச் சலித்துவிட்டு மிட்டாயைப் பொறுக்குவார்கள். லேசாக ஆவி காட்டினால் மேற்புறம் பிசுபிசுக்கும். அப்போதே சர்க்கரையில் புரட்டிவிட வேண்டும்.

கேக்குக்கு வாங்கும்போது கவனிக்க வேண்டியது, அந்தப் பாகை இறுக வைத்தது எது என்பதைத்தான். ஜெலட்டின் என்றால் நம் உடம்புச் சூட்டிலேயே இளகிவிடும். அடுப்பில் வைத்தால் கேக்குக்குள் சாயக் குளம்தான் மிஞ்சும். ஸ்டார்ச்சோ பெக்டினோ சேர்த்தது ஓரளவு உருவம் கலையாமல் நிற்கும். நம்மூர் பேக்கரி டூட்டி ஃப்ரூட்டிக்கு இந்தக் கவலையே இல்லை. அது பாகில் ஊறிய பப்பாளிக்காய். ஜெலட்டின் விலங்குத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது என்பதால், சைவக்காரர்கள் எப்படியும் பாக்கெட்டைப் படித்தாக வேண்டும்.

மிட்டாயை வெட்டக் கத்தி வேண்டாம், ஒட்டும். எண்ணெய் தடவிய கத்தரிக்கோல் போதும். கறுப்பு நிறத்தவற்றை ஒதுக்கிவிடுங்கள்: பெரும்பாலும் அதிமதுர வாசனை, கேக் முழுவதையும் ஆக்கிரமித்துவிடும். துண்டுகளை மைதாவில் புரட்டினால் அடியில் இறங்காது என்பார்கள். புரட்டுங்கள், ஒன்றோடொன்று ஒட்டாமலாவது இருக்கும். ஆனால் இறங்காமல் தாங்குவது கெட்டியான கலவைதான்; வெண்ணெய் தாராளமாகப் போட்டு, பால் குறைத்துக் கலக்க வேண்டும். சூடு 150 டிகிரி செல்சியஸ் போதும், ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அவசரப்பட்டால் ஓரம் கருகி நடு வேகாது.

இஞ்சி பிஸ்கட்டில் கட்டும் கிறிஸ்துமஸ் வீட்டுக்கு இத்தனை ஆராய்ச்சி தேவையில்லை. முட்டை வெள்ளைக்கருவும் பொடித்த சர்க்கரையும் அடித்த ஐசிங்கில் கூரைமேல் ஒட்டுவதுதானே, அடுப்புக்குப் போகப்போவதில்லை. கையில் கிடைத்ததை ஒட்டலாம்.