வாங்கிய பாடல் யாருடையது?

விலை கொடுத்து வாங்கிய பொருள், விற்ற கடை மூடப்பட்ட பின்னும் நம்முடையதாகவே இருக்கும். இணையத்தில் வாங்கும் பாடல்களுக்கு இவ்விதி எப்போதும் பொருந்துவதில்லை.

2003 ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தொடங்கிய ஐடியூன்ஸ் கடை, நகலெடுப்பதைக் கட்டுப்படுத்தும் ‘டிஆர்எம்’ என்னும் மின்னணுப் பூட்டுடன் பாடல்களை விற்றது. 2009 இல்தான் அப்பூட்டு முழுமையாக விலக்கப்பட்டது. இதனிடையே 2008 இல் யாகூவின் இசைக்கடை மூடப்பட்டபோது, அங்கு வாங்கிய பாடல்களைப் புதிய கணினியில் திறக்கும் உரிமம் கிடைக்காமற்போயிற்று.

நம் நாட்டில் ஃபிளிப்கார்ட் 2012 இல் தொடங்கிய ‘ஃபிளைட்’ கடை, பூட்டற்ற எம்பி3 கோப்புகளை விற்றது. மறு ஆண்டே அது மூடப்பட்டது. எனினும், பாடல்களைப் பதிவிறக்கிச் சேமித்தோருக்கு இழப்பில்லை. அக்கோப்புகள் இன்றும் எக்கருவியிலும் ஒலிக்கும்.

ஆகவே, பணம் செலுத்துமுன் இரண்டைக் கவனிப்போம். பாடல் எம்பி3, ஃபிளாக் போன்ற பொதுவடிவக் கோப்பாகக் கிடைக்கிறதா? அதற்குப் பூட்டு உண்டா? சந்தாச் செயலிக்குள் சேமிக்கும் பாடல், சந்தா முடிந்ததும் ஒலிக்காது. அது வாடகையே, உடைமையன்று. பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் பூட்டற்ற கோப்புகளை வாங்கலாம்.

வாங்கியவுடன் பதிவிறக்கி, வேறொரு வட்டிலும் நகல் வைப்போம், ரசீதையும் பாதுகாப்போம். ஒன்றை மறவாதிருப்போம்: பூட்டின்மை, ஊருக்கெல்லாம் பகிரும் உரிமையன்று. 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பூட்டற்ற பாடலுக்கும் பொருந்தும்.