நாலு வரி பேட்ச், மூணு வருஷ வேலை

போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார்: "புது லேப்டாப்புல ஸ்பீக்கர் வேலை செய்யலை. யாரோ ஒரு கர்னல் பேட்ச் போட்டிருக்காங்க. அதைச் சேர்த்து நானே கர்னல் பேக்கேஜ் கட்டிக்கலாமா?" கட்டலாம், ஒரு சனிக்கிழமை போதும் என்றேன். அவர் சந்தோஷமாகக் கிளம்பியபோது, "கட்டுறது ஒரு சனிக்கிழமை. அதுக்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும்" என்று சேர்த்துச் சொன்னேன். ஜோக்குன்னு நினைச்சுட்டார். ஜோக் இல்லை. 2019-லிருந்து 2022 வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அந்த அனுபவமும், அதையொட்டிப் படித்தவையும்தான் இந்தக் குறிப்பு.

எங்கே ஆரம்பித்தது

எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு ஒரே மாடலில் பன்னிரண்டு பழைய லேப்டாப்கள் வந்தன. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக. டெபியன் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. மூடியை மூடித் திறந்தால் டச்பேட் செத்துவிடும். மறுபடி பூட் செய்தால்தான் உயிர் வரும்.

காரணம் கொஞ்சம் சுவாரஸ்யமானது. 1984-ல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியில் கீபோர்டைக் கவனிக்க 8042 என்ற சிப் இருந்தது. அந்தச் சிப் போய்விட்டாலும், அதைப் போலவே நடிக்கும் ஒரு பகுதி பல லேப்டாப்களில் இன்றும் உண்டு. ஒரே கன்ட்ரோலரில் பல சாதனங்களை இணைக்க 'மக்ஸ்' என்று ஒரு முறை இருக்கிறது. சில லேப்டாப்கள் தங்களுக்கு அது தெரியும் என்று சொல்லும், ஆனால் ஒழுங்காகச் செய்யாது. அதனால் லினக்ஸ் கர்னலுக்குள் ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள்: இந்தக் கம்பெனி, இந்த மாடல் என்றால் மக்ஸை நம்பாதே. இன்னொரு பட்டியல்: இந்த மாடல் என்றால் ரீசெட் செய். இப்படிப் பல பட்டியல்கள்.

எங்கள் மாடல் அந்தப் பட்டியலில் இல்லை. சேர்த்தேன். உருப்படியான மாற்றம் என்று பார்த்தால் நாலே வரி. கம்பைல் செய்து, பேக்கேஜாக்கி, பன்னிரண்டிலும் போட்டேன். டச்பேட் வேலை செய்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

பேட்ச் எப்படி ஒட்டுகிறது

பேட்ச் என்பது ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பு. "இந்த வரியை எடு, இந்த வரியைப் போடு" என்று சொல்லும். அதைப் பொருத்தும் கருவியை 1985-ல் எழுதியவர் லாரி வால். பின்னால் பெர்ல் மொழியை உருவாக்கினாரே, அவரேதான். வரி எண்ணை மட்டும் நம்பினால் மேலே யாராவது ஒரு வரி சேர்த்தாலும் எல்லாம் குழம்பிவிடும். அதனால் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வழக்கமாக மும்மூன்று வரிகளை அடையாளமாக வைத்துக்கொள்கிறது. "நாலாவது வீடு" என்று சொல்லாமல் "வேப்பமரத்துக்கும் டீக்கடைக்கும் நடுவில் உள்ள வீடு" என்று முகவரி சொல்வது மாதிரி.

வேப்பமரத்தை வெட்டிவிட்டால்? கருவி விட்டுக்கொடுத்துப் போகும். அடையாள வரிகளில் வெளியோரத்தில் இருப்பதைக் கழற்றிவிட்டு, மிச்சம் பொருந்துகிறதா என்று பார்க்கும். இந்தத் தளர்வுக்கு 'ஃபஸ்' என்று பெயர். அப்படிப் பொருந்தும் இடம் பல இருந்தால், பழைய வரி எண்ணுக்கு எது பக்கமோ அதில் ஒட்டிவிடும்.

2021-ல் டெபியனின் அடுத்த பதிப்புக்கு மாறும்போது 4.19 கர்னலிலிருந்து 5.10-க்குத் தாவினேன். பேட்ச் ஒட்டியது. கம்பைல் ஆனது. பூட் ஆனது. டச்பேட் மட்டும் பழையபடி செத்தது.

இரண்டு இரவு தேடினேன். என் நாலு வரி மக்ஸ் பட்டியலில் இல்லை, பக்கத்துப் பட்டியலில் போய் உட்கார்ந்திருந்தது. எல்லாப் பட்டியல்களும் ஒரே மாதிரி அடைப்புக்குறிகளோடு முடிகின்றன. ஓர வரியைக் கழற்றிவிட்டால் எல்லாத் தெருவிலும் அதே டீக்கடைதான். கருவி "ஃபஸ்ஸோடு ஒட்டினேன்" என்று ஒரு வரி சொல்லியிருந்தது. ஓடிப்போன ஆயிரக்கணக்கான வரிகளில் நான்தான் அதைப் பார்க்கவில்லை.

இதில் நான் கற்றது: பேட்ச் ஒட்டாமல் முரண்டு பிடிப்பது நல்ல செய்தி. அப்போதாவது நாம் போய்ப் பார்க்கிறோம். ஒட்டி, கம்பைலும் ஆகி, வேறு அர்த்தத்தில் ஓடுகிறதே, அதுதான் ஆபத்து.

ஓடிக்கொண்டே இருக்கும் ரயில்

ஒருமுறை ஒட்டினால் முடிந்ததா? இல்லை. லினக்ஸ் கர்னலின் புதிய பதிப்பு 9 அல்லது 10 வாரத்துக்கு ஒன்று வருகிறது. அதற்கு நடுவில், பழைய பதிப்புகளுக்கான திருத்த வெளியீடுகள் ஏறக்குறைய வாரம் ஒன்று. 5.10 என்ற ஒரே கிளையில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட வெளியீடுகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் பேட்சை மறுபடி ஒட்ட வேண்டும், கம்பைல் செய்ய வேண்டும், சோதிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். கர்னலுக்கும் வெளியே ஓடும் புரோகிராம்களுக்கும் இடையிலான ஒப்பந்தத்தை லினஸ் டோர்வால்ட்ஸ் மாற்ற விடமாட்டார். பத்து வருஷத்துக்கு முந்தைய புரோகிராமும் ஓடணும். ஆனால் கர்னலின் உள்ளே ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் இடையில் அப்படி எந்த உறுதிமொழியும் கிடையாது. ஃபங்ஷன் பெயர் மாறும், கோப்பின் பெயர் மாறும். நான் கைவைத்த தனித்தனிப் பட்டியல்களையே பின்னாளில் ஒன்றாக்கிவிட்டார்கள். மாற்றுகிறவர்கள் கர்னலுக்குள் இருக்கும் கோடு அத்தனையையும் சேர்த்தே திருத்திவிடுவார்கள். வெளியே என் ஹார்ட் டிஸ்கில் ஒரு பேட்ச் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பூட்டு யாரைத் தடுத்தது

இனி சொல்லக் கொஞ்சம் கூச்சமான பகுதி.

டெபியன் புதிய கர்னல் வெளியிட்டால் அது தானாக இறங்கி, பெரிய வெர்ஷன் எண் என்பதால் அதுவே பூட் ஆகும். என் பேட்ச் போய்விடும். அதைத் தடுக்க, கர்னல் அப்டேட்டை மட்டும் 'ஹோல்டு' போட்டு நிறுத்தியிருந்தேன். "நான் கட்டித் தரும்போதுதான் மாறும்" என்று ஏற்பாடு.

2022 மார்ச் 7 அன்று மேக்ஸ் கெல்லர்மான் 'டர்ட்டி பைப்' என்ற ஓட்டையை வெளியிட்டார். படிக்க மட்டும் அனுமதியுள்ள ஒரு கோப்பில், சாதாரணப் பயனர் தன் விருப்பத்துக்கு எழுத முடியும். அதை வைத்து ரூட் ஆகிவிடலாம். 5.8 கர்னலிலிருந்து இருந்த ஓட்டை. அதாவது, பழைய 4.19-லேயே இருந்திருந்தால் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை! திருத்தம் 5.10.102-ல் பிப்ரவரி 23 அன்றே வந்துவிட்டது.

படிப்பகத்தில் ஓடியது நான் டிசம்பரில் கட்டிய 5.10.84. அலுவலகத்தில் ஒரு ரிலீஸ் நெருக்கடி. புதுசு கட்டிக் கொண்டுபோய்ப் போட்டபோது ஏப்ரல் 2. திருத்தம் வந்து 38 நாள், ஓட்டை ஊருக்கே தெரிந்து 26 நாள். தினமும் பலர் மாறி மாறி உட்கார்ந்து, மெயிலுக்கும் தேர்வு விண்ணப்பத்துக்கும் பாஸ்வேர்டு அடிக்கும் மெஷின்கள். டெபியன் தந்த கர்னலை அப்படியே விட்டிருந்தால் அப்டேட் தானாக வந்திருக்கும். என் பேட்சைக் காப்பாற்றப் போட்ட பூட்டு, திருத்தத்தையும் வாசலிலேயே நிறுத்திவிட்டது.

எதுவும் நடக்கவில்லை. ஆனால் அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

நல்ல எண்ணத்தோடு போட்ட பேட்ச் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டெபியனிலேயே ஓர் உதாரணம் உண்டு. கர்னல் இல்லை, ஓபன் எஸ்எஸ்எல். 2006-ல் ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை தருகிறது என்று டெபியன் பேக்கேஜில் இரண்டு வரிகளை நீக்கினார்கள். அதனால் சாவி உருவாக்கத் தேவையான தற்செயல்தன்மை கிட்டத்தட்ட இல்லாமல் போனது. ஒவ்வொரு வகைச் சாவிக்கும் வெறும் 32,768 சாத்தியங்கள். 2008 மே மாதம்தான் வெளியே தெரிந்தது. ஒரிஜினலில் அந்தப் பிழை இல்லை, பேட்சில் மட்டும்தான்.

வருஷக்கணக்கில் சுமந்தவர்கள்

நான் சுமந்தது நாலு வரி. பெரிய மூட்டை சுமந்தவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கான் கொலிவாஸ் தொழில்முறையில் மயக்க மருந்து மருத்துவர். டெஸ்க்டாப் வேகமாக இயங்க வேண்டும் என்று 'சிகே' என்ற பேட்ச் தொகுப்பைப் பராமரித்தார். 2007-ல் நிறுத்தினார். 2009-ல் பிஎஃப்எஸ் என்ற ஷெட்யூலரோடு திரும்பி வந்தார். 2016-ல் அதற்கு அடுத்ததை எழுதினார். 2021-ல் மறுபடி நிறுத்தினார். அவருடைய ஷெட்யூலர்கள் கர்னலுக்குள் சேரவே இல்லை. ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் அவரே மாற்றி எழுத வேண்டியிருந்தது.

இன்னொன்று 'ப்ரீஎம்ப்ட் ஆர்டி'. குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லியே ஆகவேண்டிய இயந்திரங்களுக்கான பேட்ச். 2004-ல் தொடங்கி, 2024 நவம்பரில் வெளியான 6.12-ல்தான் கடைசித் துண்டும் உள்ளே போனது. இருபது வருஷம்! ஆனால் அவர்கள் மூட்டையைச் சும்மா சுமக்கவில்லை. மியூடெக்ஸ், எஃப்டிரேஸ் என்று துண்டு துண்டாக உள்ளே சேர்த்து, மூட்டையை இளைக்க வைத்துக்கொண்டே வந்தார்கள். தாமஸ் கிளைக்ஸ்னர் அந்தக் கடைசிக் கோரிக்கையைக் காகிதத்தில் அச்சடித்து, தங்க நிறத் தாளில் சுற்றி டோர்வால்ட்ஸ் கையில் கொடுத்தார். அந்தச் சந்தோஷம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

கடைசியில் என்ன ஆச்சு

ஏப்ரல் சம்பவத்துக்குப் பிறகு, பேட்சை முறைப்படி கர்னல் ஆட்களுக்கே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அனுப்பும் முன் முந்தைய மடல்களைப் படித்தால், எல்லோரும் முதலில் செய்யும் சோதனை ஒன்று கண்ணில் பட்டது: பூட் செய்யும்போது கர்னலுக்கு 'ஐ8042 நோமக்ஸ் 1' என்று ஒரு அளவுரு கொடுத்துப் பாருங்கள், பிரச்சினை போகிறதா?

கொடுத்தேன். போய்விட்டது.

மூணு வருஷம்! கர்னலைக் கட்டவே வேண்டியதில்லை. பூட் அமைப்பில் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் போதும். அன்றைக்கே பன்னிரண்டு லேப்டாப்பிலும் ஹோல்டை எடுத்துவிட்டு, டெபியன் கர்னலையே போட்டேன். அந்த மாடல் வைத்திருக்கும் மற்றவர்களுக்காகப் பேட்சையும் அனுப்பினேன். விளக்கம் போதவில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது முறை ஏற்றுக்கொண்டார்கள். இப்போது அந்த நாலு வரியை என்னைவிடக் கெட்டிக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

நண்பருக்கு நான் எழுதிக் கொடுத்ததை இங்கேயும் வைக்கிறேன்:

1. பேட்சுக்கு முன்னால், பூட் அளவுருவிலோ மாட்யூல் அமைப்பிலோ தீருமா என்று பாருங்கள்.
2. பேட்ச் ஒட்டும்போது ஃபஸ்ஸைப் பூஜ்யமாக வையுங்கள். பொருந்தாவிட்டால் நிற்கட்டும்.
3. ஒவ்வொரு பேட்சின் தலையிலும் ஏன், யார் எழுதியது, மேலே அனுப்பியாச்சா, எப்போது தூக்கி எறியலாம் என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கே நினைவிருக்காது.
4. வெர்ஷன் பெயரில் உங்கள் அடையாளம் இருக்கட்டும். பிழை வந்தால் டெபியனைத் திட்டாமல் உங்களைத் திட்டட்டும்.
5. ஹோல்டு போட்டால், பாதுகாப்பு அறிவிப்புகளைப் படிக்கும் வேலை அந்த நிமிஷத்திலிருந்து உங்களுடையது. அடுத்தவர் மெஷின் என்றால் இரட்டிப்பாக.
6. மேலே அனுப்புங்கள். பராமரிப்பில் மிகச் சுலபமான பேட்ச், உங்களிடம் இல்லாத பேட்ச்தான்.

நண்பர் முதல் விதியிலேயே நின்றுவிட்டார். ஸ்பீக்கருக்கு ஒரு மாட்யூல் அளவுரு போதுமாக இருந்ததாம். சனிக்கிழமை ஃப்ரீயா இருக்கேன், டீ சாப்பிட வரீங்களா என்று கேட்டிருக்கிறார். போகணும்.