வேலி தாண்டுவதற்கு முன்

"நான் ஒரு சிகரட்டைக்கூடக் கையால் தொட்டதில்லை. எனக்கெப்படி அக்கா சுவாசப்பையில் புற்றுநோய் வரும்?" கிராமங்களில் பெண்களுக்கான சுகாதாரக் கூட்டங்களுக்குப் போகும்போது இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கேட்பவர் அநேகமாக இருபது, முப்பது வருடம் விறகடுப்பில் சமைத்தவராக இருப்பார். பதில் சொல்வதென்றால் நான் புற்றுநோயில் தொடங்குவதில்லை. அதற்குப் பல வருடங்கள் முன்னரே சுவாசப்பைக்குள் நடப்பவற்றில் தொடங்குவேன்.

சுவாசக் குழாய்களின் உட்புறத்தை ஒரு மெல்லிய மேலணி மூடியிருக்கிறது. அதன் கலங்களின் தலையில் மயிர் போன்ற பிசிர்கள் உண்டு. விளக்குமாறு முற்றம் கூட்டுவதுபோல இவை தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஓயாமல் புகை பட்டால் இக்கலங்கள் தாக்குப்பிடிப்பதில்லை. மண்வெட்டி பிடித்த கை காய்த்துப் போவதுபோல, தோலில் உள்ளவை போன்ற தட்டையான கலங்கள் அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. அவற்றுக்குப் பிசிர் இல்லை. சளி தேங்குகிறது, இருமித்தான் வெளியேற்ற வேண்டும்.

இது புற்றுநோய் அல்ல. அடுத்த படியில்தான் கலங்கள் ஒழுங்கு குலைகின்றன. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கரு பருத்துக் கறுத்திருக்கும். இந்தக் குழப்பம் மேலணியின் அடிப்பகுதியில் மட்டும் நின்றால் இலேசு, நடுப்பகுதிக்கு ஏறினால் நடுத்தரம், மேற்பகுதியையும் பிடித்தால் கடுமை என்று வைத்தியர்கள் பிரிக்கிறார்கள். அப்போதும் மேலணிக்குக் கீழே ஒரு மென்சவ்வு வேலிபோல் நிற்கிறது. அந்த வேலியைத் தாண்டி இறங்கினால்தான் அது பரவக்கூடிய புற்றுநோய்.

ஏறிய படியில் இருந்து இறங்கவும் முடியும். கூட்டங்களில் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். அமெரிக்க நோயியல் வைத்தியர் ஒஸ்கார் அவர்பாக், இறந்தவர்களின் சுவாசக் குழாய்களை ஆயிரக்கணக்கான மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தவர். புகைத்தலை விட்டு வருடங்கள் கழிந்தவர்களிடம் குழம்பிய கலங்கள் வெகு குறைவு என்று 1962 இல் அவர் எழுதினார். இலேசான மாற்றங்கள் பல தாமாகவே திரும்பிவிடுகின்றன. கடுமையானவை திரும்புவது குறைவு. ஆனாலும் வேலிக்குள் நிற்கும் கடைசி நிலையில்கூடச் சிலருக்குப் பின்வாங்கியிருக்கிறது.

புகைக்காத பெண்களுக்கு வருவது அநேகமாக வேறு வகை. அது பெரிய குழாய்களில் அல்ல, ஓரத்தில் உள்ள காற்றுச் சிற்றறைகளின் சுவரில் தொடங்குகிறது. முதலில் 5 மில்லிமீற்றருக்கு மேற்படாத ஒரு பொட்டு. வருடக்கணக்கில் அப்படியே கிடக்கவும் கூடும்.

சீனாவின் யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்றோர் இடம். அங்கே பெண்கள் புகைப்பது மிக அரிது. ஆனாலும் சுவாசப்பைப் புற்றுநோய் பெண்களிடம் மிக அதிகம். வீட்டுக்குள் புகைபோக்கியில்லாத குழியடுப்பில் நிலக்கரி எரித்தார்கள். புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறிய வீடுகளில் பெண்களுக்கு இந்நோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2002 இல் வெளியான ஆய்வு காட்டியது. பலன் தெளிவாகத் தெரியப் பத்து வருடம் பிடித்தது.

நாம் எரிப்பது விறகு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, வீட்டு நிலக்கரிப் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்றும், விறகுப் புகை பெரும்பாலும் உண்டாக்கக்கூடும் என்றும் 2010 இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியது. இடம்பெயர்ந்து கூடாரங்களில் கிடந்த காலத்தில் ஈர விறகுக்குப் பொலித்தீனையும் ரயர்த் துண்டையும் போட்டு மூட்டினோம், வேறு வழியிருக்கவில்லை. வீடு கிடைத்த பின்னும் சில குசினிகளில் அந்தப் பழக்கம் தொடர்கிறது. அதை விடுங்கள். விறகைக் காயவைத்து எரியுங்கள். புகைபோக்கி கட்ட இயலாவிட்டால் அடுப்பைத் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அடுப்பூத வேண்டாம். வீட்டுக்குள் சிகரட் பிடிப்பவரை வெளியே அனுப்புங்கள், மாமாவாக இருந்தாலும்.

முன்நிலையில் நோ இருக்காது. சுவாசப்பையின் இழையம் நோவை உணராது. கர்ப்பப்பை வாய்க்குப் பாப் பரிசோதனை இருப்பதுபோல் இதற்கு எளிய பரிசோதனையும் இல்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கானில் 'பொட்டு' என்று எழுதி வரும்போதுதான் பலர் அறிகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே, பிள்ளைகளை யாரிடம் ஒப்படைப்பது என்று யோசிக்கத் தொடங்கிய ஒரு தாயை எனக்குத் தெரியும். கணவர் இல்லாதவர். கடைசியில் அது பழைய காசநோய்த் தழும்பு. சிறு பொட்டுகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. சில மாதம் விட்டு மறுபடி படம் எடுத்து, வளர்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தத் திகதியைத் தவறவிடாதீர்கள்.

உடம்பில் ஷெல் துண்டு இருந்தால் படம் எடுக்கும் முன்னரே சொல்லிவிடுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கான் என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும், அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்பை இழுக்கும். இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சளியை இலவசமாகச் சோதிப்பார்கள். சளியில் இரத்தம் கண்டால் இரண்டு கிழமை பார்த்திருக்க வேண்டாம், அன்றே போங்கள்.